இறுக்கினால் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கல்யாண ஊர்வலத்தின் முன்னால் செல்லும் பேண்டு வாத்தியத்தைக் கேளாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பாட்டை எடுத்துச் செல்ல, பெரிய டிரம் ‘தொம், தொம்’ என்று நடைக்கு அளவு சொல்ல, இவற்றுக்கு நடுவே ஊசிப் பட்டாசு வெடிப்பது போலப் ‘பட்... படபட... பட்’ என்று ஓர் ஓசை எழுகிறதே, அதுதான் சைடு டிரம். மேனாட்டார் இதை ஸ்நேர் டிரம் என்பர். தோளிலே பட்டையை மாட்டி, இடுப்போரம் அதைச் சாய்த்துக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறார் என் தந்தையார். அவர் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் புத்தகங்களும் தேர்வுக் கட்டணமும் அந்தப் ‘பட்’ ஓசையிலிருந்துதான் வந்தன. ஆகவே அதைப் பற்றி நாலு பக்கம் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பிழை கண்டால் பொறுத்தருள்க.

சென்ற தை மாத முகூர்த்தங்களின்போது அந்த ஓசை கெட்டுப்போயிற்று. ‘பட்’ என்று தெறிக்க வேண்டியது, காலி எண்ணெய் டப்பாவைத் தட்டினாற் போல ‘டக், டக்’ என்று செத்து விழுந்தது. பேண்டு மாஸ்டர் இரண்டு ஊர்வலங்கள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதற்குப் பிறகு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். “என்னண்ணே, டிரம்மு டப்பா மாதிரி கேக்குது? எனக்கு ஒண்ணும் இல்ல, பார்ட்டிக்காரங்க கேக்குறாங்க. புதுப் பசங்க ரெண்டு பேரு வேற இடம் கேட்டுக்கிட்டு இருக்கானுங்க” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு சாவியை எடுத்து எல்லாப் போல்ட்டுகளையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். ஓசை இன்னும் மோசமாயிற்று.

அப்போதுதான் நான் குறுக்கே புகுந்தேன். முதலாண்டு ஆய்வகத்திலே சுரமானிப் பரிசோதனை செய்திருக்கிறேன் அல்லவா? கம்பியில் எடையைக் கூட்டக் கூட்ட அதிர்வெண் ஏறுகிறது. அதிர்வெண்ணானது இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்று பதிவேட்டில் வரைபடம் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. டிரம்மின் தோலும் அப்படித்தானே? “அப்பா, மேல் தோலை விடுங்க. கீழ்த் தோல்தான் தொய்ஞ்சிருக்கு. நான் பாக்குறேன்” என்று டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழ்த் தோலின் ஓரத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மெல்லிய சுருக்கம் இருந்தது. அந்தச் சுருக்கம் போகும்வரை அங்கிருந்த போல்ட்டுகளைத் திருகினேன். மூன்றாவது திருகில் ‘பர்ர்’ என்று ஒரு சத்தம். தோல் விளிம்போரமாக ஒரு சாண் நீளம் கிழிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு!

அப்பா திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. பக்கத்து ஊர்க் குழுவில் ஒருவரிடம் டிரம் இரவல் வாங்கிக்கொண்டு போய் வாசித்தார். அன்றைய கூலியில் பாதி அந்த இரவலுக்கே சரியாகப் போயிற்று. புதுத் தோல் வாங்கும்வரை மூன்று ஊர்வலங்களுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

அந்த மூன்று வாரங்களில் நான் படித்ததும் கேட்டதும் தட்டிப் பார்த்ததும்தான் இக்கட்டுரை.

முதலில் அந்தக் கருவியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு அங்குல அகலமுள்ள உலோக உருளை ஒன்று. இருபுறமும் தோல். ‘தோல்’ என்று நாம் சொன்னாலும் இன்று அது தோல் அன்று; பாலியெஸ்டர் பிளாஸ்டிக். முற்காலத்தில் கன்றுக்குட்டித் தோலைத்தான் கட்டினார்கள். மழைக்காலத்தில் அது தொய்ந்துவிடும். வெயிலில் தானே இறுகிவிடும். என் பெரியப்பா பறை அடிப்பவர். வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டுதான் அடிக்க எடுப்பார். தோலில் இருக்கும் ஈரம் போனால்தான் அது இறுகி ‘கணீர்’ என்று பேசும். சைடு டிரம்மில் இந்தத் தொல்லை 1950களின் பிற்பாதியில் நீங்கியது. அமெரிக்காவில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி ஆகியோர் மைலார் என்னும் பாலியெஸ்டர் படலத்தால் தோல் செய்து விற்கலாயினர். 1957இல் பெல்லி தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அன்று முதல் டிரம்காரருக்கு நெருப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், சாவி போதும். (பெரியப்பாவோ, “பிளாஸ்டிக்கு பேசாதுடா, கத்தும்” என்பார். அது வேறு வழக்கு.)

மேல் தோல் குச்சியின் அடியைத் தாங்க வேண்டியது. ஆகையால் சுமார் கால் மில்லிமீட்டர் கனம். கீழ்த் தோல் அடி வாங்குவதே இல்லை, அது 0.075 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய வெங்காயச் சருகு போல இருக்கும். அந்தக் கீழ்த் தோலின்மீது குறுக்கே, சுருள் சுருளான மெல்லிய எஃகுக் கம்பிகள் பதினைந்து இருபது வரிசையாகப் படிந்திருக்கும். இந்தக் கம்பிகளுக்குத்தான் ‘ஸ்நேர்’ என்று பெயர். பழைய ஐரோப்பியப் படைகளின் டிரம்மில் இவை ஆட்டுக்குடல் நரம்பாக இருந்தன. பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். அதைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலைவிட்டு விலகும், ஏற்றினால் ஒட்டும். கம்பி விலகிய நிலையில் டிரம்மை அடித்துப் பாருங்கள், வெறும் ‘டும்’தான். ‘பட்’ என்னும் உயிர் அந்தக் கம்பிகளில் இருக்கிறது.

எப்படி? மேல் தோலைக் குச்சி தாக்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று கீழே தள்ளப்படுகிறது. கீழ்த் தோல் வெளியே பிதுங்குகிறது. அதன்மேல் சாய்ந்திருந்த கம்பிகள் எற்றி எறியப்படுகின்றன. மறுகணம் அவை திரும்பி வந்து தோலை அறைகின்றன, மீண்டும் விலகுகின்றன, மீண்டும் அறைகின்றன. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும் இந்தச் சிறு சாட்டையடிகள் எல்லாம் சேர்ந்துதான் நம் காதில் ‘பட்’ என்று விழுகின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பி தோலைவிட்டு விலகினால்தான் திரும்பி வந்து அறைய முடியும்! விலகவே முடியாதபடி இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? கம்பி தோலோடு ஒட்டிக்கொண்டு அதன் ஆட்டத்தையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவிடும். அதுதான் அப்பாவின் டப்பா ஓசை.

இதைக் கண்டுகொண்டபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வியப்பே அதிகம். இருபத்திரண்டு ஆண்டு வாசித்தவருக்கு இது தெரியாதா? தெரியும். அவரே எத்தனையோ பேருக்குச் சுருதி வைத்துக் கொடுத்தவர். பின் ஏன் இறுக்கிக்கொண்டே போனார்? அந்த விடைக்குப் பிறகு வருகிறேன்.

இழுவிசையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல ஆசை. வட்டமான சவ்வின் அடிப்படை அதிர்வெண்ணுக்கு ஒரு வாய்பாடு உண்டு: இழுவிசையை ஓரலகுப் பரப்பின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, 0.765ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுக்க வேண்டும். மேல் தோல் வினாடிக்கு 200 அதிர்வுகள் என்று வைத்து, காற்றின் பாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் போட்டுப் பார்த்தேன். விளிம்பு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 340 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வந்தது. எட்டுப் போல்ட்டுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 43 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டைக்குச் சற்றே குறைவு! இடுப்பில் தொங்கும் அந்தச் சிறு கருவி எட்டு மூட்டைகளைத் தாங்கிக்கொண்டு நடக்கிறது. இதை நான் சொன்னபோது அப்பா, “அதான் தோள் வலிக்குதா?” என்றார்.

இனி, வாய்பாட்டில் வர்க்கமூலம் இருப்பதால் நாதம் சிறிது ஏறவே விசை நிறைய ஏற வேண்டும். நாதம் பத்தில் ஒரு பங்கு ஏற, இழுவிசை 21 விழுக்காடு ஏற வேண்டும். இரட்டிப்பாக்க நான்கு மடங்கு வேண்டும். கீழ்த் தோலுக்கு வாருங்கள். அதன் நிறை மேல் தோலில் பத்தில் மூன்று பங்கே. ஆகவே அதே 200 அதிர்வுக்குப் போல்ட்டு ஒன்றுக்கு 13 கிலோ போதும். மேல் தோலைவிட ஒன்றரை மடங்கு உயர்ந்த சுருதியில் வைத்தாலும் 29 கிலோதான். கீழ்த் தோல் சுருதியில் மேலே, விசையில் கீழே! நானோ மேல் தோலுக்குக் கை எவ்வளவு பாரம் உணர்ந்ததோ அதே பாரம் வரும்வரை வெங்காயச் சருகைத் திருகினேன். போதாக்குறைக்கு, அந்தச் சுருக்கங்கள். பின்னாளில்தான் தெரிந்தது, கம்பிகள் சரியாகப் படிவதற்காக உருளையின் விளிம்பிலே எதிரெதிரே இரண்டு இடங்களைச் செய்பவர்களே சிறிது பள்ளமாகத் தேய்த்துவிடுகிறார்கள் என்று. அங்கே தோல் இலேசாகச் சுருங்கித்தான் இருக்கும். அதைப் போக்க முயலக் கூடாது. நான் குறை என்று எண்ணித் திருத்தப் புறப்பட்டது, செய்தவன் வேண்டுமென்றே வைத்தது.

இப்போது வேலைக்கு வருவோம். தோலை மாட்டுமுன் உருளையின் விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் கிடந்தாலும் தோல் அங்கே சமமாக உட்காராது. பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் சாவி இல்லாமல் விரலாலேயே, விரல் இயன்ற மட்டும் திருக வேண்டும். அதற்குப் பின்தான் சாவி. அதுவும் வரிசையாகச் சுற்றி வரக் கூடாது. லாரிச் சக்கரத்துக்கு நட்டு முடுக்குபவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளதற்குப் போவார். இங்கும் அதே முறை. 1 முதல் 8 வரை எண் கொடுத்தால் 1, 5, 3, 7, 2, 6, 4, 8. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரத்தில் அரைச் சுற்று. சுருதி ஏறிவிட்டால் கால் சுற்று. கடைசியில் நகக்கண் அளவு.

அடுத்ததுதான் பொறுமையைச் சோதிப்பது. மறுபுறத் தோல் பேசாமலிருக்க டிரம்மைத் தலையணையின்மீது வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டின் முன்னாலும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மெதுவாகத் தட்ட வேண்டும். எட்டு இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் அதை ஏற்று. ஒன்று உயர்ந்தால் அதை நன்றாகத் தளர்த்தி, மீண்டும் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வா. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் போல்ட்டு நிலைக்காது. பத்து அடியில் நழுவிவிடும்.

ஏன் இந்தச் சமன்? ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலித்தால் ‘வௌ... வௌ...’ என்று விம்மல்கள் கேட்டோமே, அதேதான். தோல் சமமாக இறுகாவிட்டால், அதன் ஒரே அதிர்வு வகை ஒரு திசையில் ஓர் அதிர்வெண்ணும் குறுக்குத் திசையில் சற்று மாறிய இன்னோர் அதிர்வெண்ணும் கொள்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதி ஓசை இழுபடுகிறது. நாம் வேண்டுவதோ இழுபடாத, வெட்டி எடுத்தாற் போன்ற ஓசை. எட்டில் ஒன்று மட்டும் தளர்ந்த டிரம்மை எவ்வளவுதான் இறுக்கினாலும் அது இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் காட்டிக் குழப்பியது. காரணம், சவ்வின் மேல் அதிர்வுகள் கம்பியைப் போல 1, 2, 3 என்று முழு எண்களாக வருவதில்லை, 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்று வருகின்றன. நம் மிருதங்கத்தில் நடுவே இடும் கரும்பூச்சு இந்த ஒழுங்கின்மையைத் திருத்தி முழு எண்களுக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது என்பதை சர் சி. வி. இராமன் ஆராய்ந்து 1920இலும் விரிவாக 1934இலும் எழுதியிருக்கிறார். சைடு டிரம்முக்கு அந்தத் திருத்தம் வேண்டாம். அது பாடப் பிறந்ததன்று, வெடிக்கப் பிறந்தது.

இரண்டு தோலும் சமனானபின் கம்பிகளை ஏற்ற வேண்டும். முழுவதும் தளர்த்தி, ஒரு கையால் மெதுவாக அடித்துக்கொண்டே மறு கையால் திருகை ஏற்ற வேண்டும். முதலில் ‘சர்ர்ர்’ என்று வால் நீண்டிருக்கும். ஏற ஏற வால் குறுகும். வால் அறுந்து ‘பட்’ என்று தனியே நிற்கும் இடம் ஒன்று வரும். கையை எடுத்துவிட வேண்டும். சரியாக இருக்கிறதா என்றறிய, விளிம்போரம் மிக மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அந்த மெல்லிய தட்டுக்கும் கம்பி பதில் சொல்ல வேண்டும். பலத்த அடிக்கு மட்டும் பேசி மெல்லிய அடிக்கு மௌனமாக இருந்தால், அளவு மீறிவிட்டது என்று பொருள். இன்னும் சிறிது இழுவை மிச்சமிருந்தால் மேல் தோலின் ஓரத்தில் விரல் அகலம் ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டலாம். அப்பா அந்த நாளில் கைக்குட்டையை மடித்து விளிம்பில் செருகுவார்.

இந்த ஓசையின் நல்ல மாதிரி வேண்டுவோர் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த ‘ஃபங்கி டிரம்மர்’ இசைத்தட்டைக் கேட்கலாம். 1969இல் பதிவாகி 1970இல் வெளிவந்தது. அதன் டிரம் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பிற்காலத்தில் எத்தனையோ பாடல்களில் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதை அப்பாவுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், “கை நல்லா இருக்கு பாப்பா. ஆனா கம்பி மாட்டாம வாசிக்கிறானே?” என்றார்.

நான் திடுக்கிட்டேன். அந்தப் பதிவில் கம்பியோசை காதைக் கீறுகிறது!

விடை அங்கேதான் இருந்தது. அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். காதில் ஒலிவாங்கி போல ஒன்றை மாட்டி, தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம்வரை ஒவ்வொன்றாக ஒலித்து, கேட்கிறபோது கையைத் தூக்கச் சொன்னார்கள். தாழ்ந்த சுரங்களுக்குக் கை உடனே எழுந்தது. 4000 அதிர்வெண் பக்கம் போனதும் கை மடியிலேயே கிடந்தது. வலது காது இன்னும் மோசம். பேரொலியால் வரும் செவிக்குறை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குமாம். உட்செவியின் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மனிதர் பேசுவது கேட்கும். பெரிய டிரம் கேட்கும். சைடு டிரம்மின் ‘டும்’ கேட்கும். கம்பியின் ‘பட்’ மட்டும் கேட்காது. கேட்கவில்லையே என்று ஒவ்வொரு வாரமும் கம்பியை இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க உள்ளதும் செத்தது.

85 டெசிபல் ஓசையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது தொழில் நலத் துறையில் பின்பற்றப்படும் ஓர் அளவு. கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம் வருகிறது. பேண்டின் நடுவே நிற்பவர் காதில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஊர்வலமோ மூன்று மணி நேரம். இந்தக் கணக்கை மட்டும் நான் அப்பாவிடம் போட்டுக் காட்டவில்லை. மருந்துக் கடையில் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். “இதப் போட்டா மாஸ்டர் சொல்றது கேக்காதே” என்றார். இப்போது வலது காதுக்கு மட்டும் போட்டுக்கொள்கிறார். இரண்டுக்கும் போடச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

புதுத் தோல் வந்த அன்றிரவு இருவருமாக உட்கார்ந்து மாட்டினோம். சாவி அவர் கையில், காது என்னுடையது. எட்டு இடத்திலும் நான் தட்டித் “தாழ்வு”, “உயர்வு” என்று சொல்ல, அவர் திருகினார். ஆனால் ஐந்தாவது போல்ட்டுக்கு நான் சொல்லுமுன்பே அவர் கை போய்விட்டது. “எப்படிப்பா தெரிஞ்சது?” என்றேன். நடுவிரலைத் தோலின்மீது இலேசாக வைத்திருந்தார். தளர்ந்த இடத்தில் தட்டினால் விரலில் ‘குளுகுளு’ என்று நெளியுமாம். இறுகிய இடத்தில் ஊசி குத்தினாற் போல வருமாம். நான் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கம்பிக்கும் அதே வழியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். உருளையின் அடிவிளிம்பில், கம்பியின் நுனி கட்டியிருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மெதுவாக அடிக்கிறார். விரலுக்குச் சிலிர்ப்பு வந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் ஒரு திருகு தளர்த்துகிறார். ஊர்வலம் நடுவே சந்தேகம் வந்தால், பாட்டுக்குப் பாட்டு விடும் இடைவெளியில் அவர் டிரம்மின் அடியைத் தொட்டுப் பார்ப்பதை நீங்கள் காணலாம்.

மாசி முகூர்த்தத்தில் முதல் ஊர்வலம் முடிந்து வந்தபோது, மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல” என்றார் அப்பா. மாஸ்டர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று பொருள். வைகாசிக்குள் மேல் தோலையும் மாற்ற வேண்டும். நடுவில் வெள்ளைப் பூச்சு தேய்ந்து குழி விழத் தொடங்கிவிட்டது.